அத்தான் அடைத்த பாட்டில்

தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் போதும், அத்தானுக்குச் சோறு இறங்காது. ஆற்றைக் கடக்கும் பயணிகளை ஏற்றிச் செல்லும் மோட்டார் படகு அவருடையது. பலகைகளைத் தினம் இரண்டு வேளை கழுவுவார். கயிற்றைச் சுருட்டினால் நுனி வெளியே தெரியக்கூடாது. தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை யாராவது தொட்டுவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷனின் படகில்தான் இன்ஜின் அறை எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்தது.

அந்த இன்ஜினைப் பிரித்து மாட்டியவள் அவருடைய கொழுந்தியாள். படகுத்துறையில் ஸ்பேனர் என்றால்தான் அவளைத் தெரியும். பத்து வருஷம் அடுத்தவர் பட்டறையில் வேலை செய்தவள், மூன்று மாதம் முன்பு முதல்முதலாகத் தனியாளாக ஓர் இன்ஜினை முழுசாகப் பிரித்துப் பூட்டியது இங்கேதான். துறையில் இன்னும் ஏழு படகுகள் இருந்தன. இந்த இன்ஜின் வருஷச் சோதனையில் தேறினால் தங்கள் வேலையையும் அவளுக்கே தருவதாக ஏழு பேரும் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் பழைய பட்டறைக்கே திரும்பிப் போய் நட்டு பொறுக்கிக் கொடுக்க வேண்டியதுதான். சோதனை அதிகாரி வருவது இன்று மாலை நாலு மணிக்கு.

இன்ஜினோ முன்பக்கம் கசிந்தது, பின்பக்கம் கசிந்தது, மேல்மூடியின் ஓரத்திலும் கசிந்தது. எண்ணெய் கசியாமலிருக்கப் போன வாரம் புதிதாகப் போட்ட ரப்பர் சீல் ஐந்தே நாளில் பிதுங்கிவிட்டது. கரையிலிருந்த படகுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதும் உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தார்கள். அவளுக்கு அழுகையே வந்தது. எங்கேதான் கோட்டை விட்டோம் என்று மனசுக்குள் ஒவ்வொரு போல்ட்டாகத் திரும்ப முடுக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் தப்பு தெரியவில்லை.

பதினொரு மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் பக்கத்தில் குந்தியிருந்தபோது, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி யாரும் தொடாமலே எகிறி வந்து அவள் கால்மேல் விழுந்தது.

உள்ளேயிருந்து எதுவோ அதைத் தள்ளியிருக்கிறது. அவள் எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து, அதன் வாய்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்தாள். பை கணப்பொழுதில் உப்பிக்கொண்டது. இன்ஜினின் வயிற்றுக்குள் காற்று அடைபட்டுக் கிடந்தது. எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் புகை கசிந்து கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறவென்றே ஒரு மூச்சுக்குழாய் உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு அந்தக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள். அது பின்சுவரைத் தாண்டி, அவள் இதுவரை பார்த்தேயிராத ஒரு மரப்பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டி அழகாகச் சாம்பல் பெயின்ட் அடித்து, சின்னக் கீல் வைத்து, சுவரோடு சுவராக இருந்தது. உள்ளே ஒரு பாட்டில்.

“அத்தான், இது என்ன?”

அத்தானின் முகம் பூரித்துப் போனது. “அதுவா? நம்ம வேலைதான். அந்தக் குழாய் நுனியில சொட்டுச் சொட்டா வடிஞ்சு தரையே பாழாப் போச்சு. பாட்டில் மூடியில ஓட்டை போட்டு, குழாயை உள்ள விட்டு, சுத்திப் பசை வெச்சு அடைச்சிட்டேன். ஒரு பொட்டு வாசனை வெளிய வருதா பாரு.”

“எப்ப வெச்சீங்க?”

“நீ இன்ஜினை மாட்டிக் குடுத்த மறுநாளே.”

ஸ்பேனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய சிரிப்பு அது. அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“உங்க வாயையும் மூக்கையும் நான் இறுக்கிக் கட்டிட்டா, உள்ள இருக்கிற காத்து எந்த வழியாப் போகும்?” என்று கேட்டாள்.

மேலே சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த அக்கா, “கட்டித்தான் பாரேன், வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்” என்றாள்.

விஷயம் புரிந்ததும் அத்தான் சுருங்கிப் போனார். பாட்டிலைப் பிடுங்கி எறிந்துவிட்டால் சரியாகிவிடுமே என்றார். மூடிய அறைக்குள் சூடான எண்ணெய்ப் புகை சேர்ந்தால் தீப்பிடிக்க ஒரு பொறி போதும் என்றாள் அவள். அப்படியானால் குழாயை நேராக இன்ஜின் காற்று இழுக்கும் வாயில் செருகிவிடலாம் என்றார். அதுவும் கூடாது, புகையோடு எண்ணெயும் போனால் இன்ஜின் தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு, டீசலை அடைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும் என்றாள். எண்ணெயைத் தனியே பிரித்த பிறகுதான் புகையை அனுப்பலாம்.

கதவுகளைத் திறந்து வைத்து இன்ஜின் ஆறும்வரை பொறுத்தார்கள். அக்கா தன் எவர்சில்வர் தூக்கைத் தியாகம் செய்தாள். ஸ்பேனர் அதில் பாத்திரம் தேய்க்கும் புதுக் கம்பிநாரை அடைத்தாள். இழை பிய்ந்து இன்ஜினுக்குள் போகாமலிருக்க மேலும் கீழும் ஓட்டைத் தகடு வைத்தாள். புகை கீழே நுழையும், நாரில் மோதி எண்ணெயை உதிர்த்துவிட்டு மேல்குழாய் வழியாகக் காற்று வாய்க்குப் போகும். தேங்கும் எண்ணெயை வடிக்க அடியில் ஒரு குழாய்த் திருகு. பிதுங்கிய சீலுக்குப் பதில் வேறு போட்டு எல்லாவற்றையும் துடைத்து முடித்தபோது மணி மூன்றரை. இன்ஜினை ஓடவிட்டு மறுபடியும் பையைப் பிடித்தாள். பை உப்பவில்லை, லேசாக உள்வாங்கியது. அவள் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

அதிகாரி வந்தார். இன்ஜினுக்கு அடியில் வெள்ளைத்தாளை விரித்துவிட்டு அக்கரை வரை போய் வரச் சொன்னார். தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தது. தூக்கின் திருகைத் திறந்து பார்த்தார், அரைக் கரண்டி எண்ணெய் வடிந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் கரையில் நின்ற படகுக்காரர்களில் ஒருவர், மூணு மாசம் ஒழுகினது இன்னிக்கு ஒருநாள் துடைச்சு வெச்சா சரியாயிடுமா என்று சத்தமாகவே சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஸ்பேனரின் முகம் வாடிப்போனது. தப்பு அத்தானுடையது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஏழு பேர் முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அத்தான் பயணிகளைக் கூப்பிடும் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

“எல்லாருக்கும் சொல்றேன். இந்த இன்ஜின் மூணு மாசமா ஒழுகினது என்னாலதான். அது மூச்சு விடுற குழாயை நான் அடைச்சு வெச்சிருந்தேன். என் கொழுந்தியா வேலையில ஒரு குறையும் இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அடுத்த படகு அஞ்சு மணிக்கு” என்றார்.

துறை முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. குறை சொன்ன படகுக்காரரே முதலில் இறங்கி வந்து, நாளைக்குக் காலையில் தன் படகைப் பார்க்க வர முடியுமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

ஸ்பேனருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாமென்றால் முழங்கை வரை கரி. அத்தான் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் பத்து விரலையும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் துடைத்தாள்.