டாரல் ஓடிய பக்கம்

லாக்லன் பென்ரோஸ் உதைத்த பந்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியக் கால்பந்தில் வேண்டியபடி, ஓடிவருகிறவன் கையால் பிடிக்கத் தோதாக அவன் நெஞ்சில் போய் உட்காருகிற மாதிரி தாழ்வாகப் பறந்தது. கோல் கம்பங்களுக்கு இடப்பக்க ஓரத்தில் ஓடிவருகிறவன்தான் இல்லை. பந்து வெறும் புல்லில் குதித்து, எல்லைக் கோட்டைத் தாண்டி, வேடிக்கை பார்க்க வரிசையாக நிறுத்தியிருந்த கார்களில் ஒன்றின் சக்கரத்தில் முட்டி நின்றது.

"யாருக்குத் தாத்தா உதைச்ச? புல்லுல மேயிற கிளிக்கா?" என்றான் எதிரணிப் பையன்.

லாக்லனுக்கு முப்பத்தெட்டு வயது. "பென்னி! இங்க பென்னி!" என்று அவன் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அவன் காதில் தெளிவாக விழுந்திருந்தது. பதினைந்து வருடம் தலை நிமிராமல் அந்தக் குரலுக்குத்தான் உதைத்துக்கொண்டிருந்தான். டாரல் விக்கின் குரல். நாலு குளிர்காலத்துக்கு முன்னால், பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், குறுக்கே பாய்ந்த கங்காருவுக்காக வண்டியை ஒடித்து, உருண்டு செத்துப்போன டாரல்.

அடுத்த சனிக்கிழமை லாக்லனுக்கு முந்நூறாவது ஆட்டம். அவன் கிழித்துக்கொண்டு ஓடிவருவதற்கான காகிதத் திரையைக் கிளப் கூடத்தில் பெண்கள் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் தலையில் அடிபட்டு மூளை கலங்கியவன் விதிப்படி மூன்று வாரம் ஆடாமல் உட்கார வேண்டும். அதற்குள் சீசனே முடிந்துவிடும். இதுதான் கடைசி சீசன் என்று மனைவி ஜோலீனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். முந்நூறு போனால் போகட்டும். ஆட்டத்தை விட்டால் அந்தக் குரலும் போய்விடுமே என்பதுதான் அவன் பயம். மைதானத்துக்கு வெளியே எங்கும் அது கேட்டதில்லை.

இன்றைய ஆட்டத்தின் முந்தைய பகுதியில் ஒருவன் முழங்கால் அவன் பொட்டில் இடித்திருந்தது. இடைவேளையில் முதலுதவிக்காரர் மெர்வ், மூளை கலங்கியிருக்கிறதா என்று பார்க்க வைத்த ஞாபகப் பரீட்சையில் தடுமாறித்தான் தேறினான். தேறாமல் எப்படி? அடிபட்ட அன்று எடுக்கும் மதிப்பெண்ணைச் சீசன் தொடக்கத்து மதிப்பெண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். அதனால் தொடக்கத்திலேயே வேண்டுமென்று மக்கு மாதிரி எழுதிவைத்துவிடுவது அந்த ஊர் ஆட்டக்காரர்களின் பழைய திருட்டுத்தனம். மெர்வுக்கும் தெரியும். அவர் மகனுக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார். டாரல் அவர் மகன்.

இப்போது அவர் தண்ணீர்ப் போத்தலோடு மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"என்னடா, அங்க எவன் இருக்கான்னு உதைச்ச?"

பொய் சொல்லத்தான் லாக்லன் வாயைத் திறந்தான். கால் வழுக்கிவிட்டது என்று சொன்னால் போதும். ஆனால் கிழவரின் கண்ணுக்கு எதிரே நின்று அது வரவில்லை.

"டாரல் கூப்பிட்டான், மெர்வ்."

மெர்வ் போத்தலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"எப்படி இருந்தான்?"

"இன்னைக்கு நிமிந்து பாத்தேன். கையத் தூக்கிட்டு ஓடினான். சாக்ஸ் இறங்கிக் கெடந்துச்சு."

"அவன் என்னைக்கு ஒழுங்கா ஏத்திவிட்டான்," என்றார் மெர்வ். அவர் முகம் கோணிக்கொண்டது. பிறகு பெஞ்சைப் பார்த்துக் கையை உயர்த்தி, மாற்று ஆளை அனுப்பச் சொன்னார்.

"வேணாங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான் ஆட்டம். திரும்பக் கூப்பிடுவான்."

"தெரியும்டா. எனக்கு மட்டும் ஆசையில்லையா?" அவர் லாக்லனின் முழங்கையை இறுகப் பிடித்தார். "ஒருத்தனத் தூக்கிக் குடுத்தது போதும். வா."

கார் கதவைத் திறந்துகொண்டு ஜோலீன் ஓடிவருவது தெரிந்தது. பெஞ்ச் வலப்பக்கம் இருந்தது. மெர்வ் அவனை இடப்பக்கமாக அழைத்துப் போனார். நடுவர் விசில் ஊதி அவசரப்படுத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பந்து விழுந்த இடத்துக்கு வந்ததும் நடையைக் குறைத்தார்.

"இங்கயா ஓடினான்?"

"நீங்க நிக்கிற இடந்தான்."

மெர்வ் சட்டென்று விலகி நின்றார்.