கவ்வாத்துக்கு ஆகாத சரிவு

மருதாம்பாள் கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது வெள்ளியங்கிரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எதிர் மலையில் புதுத் துளிர் விடுவதற்காகத் தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்துக் கத்திகளின் சத்தம். கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் அந்த வேலையை வருஷம் தவறாமல் நடத்திய கங்காணி அவர். இந்த வருஷம் படுக்கையிலிருந்து கேட்கிறார்.

ஈரலில் கட்டி என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் சொன்ன ஒன்று அவருக்கு உடனே பிடித்துப்போனது. கெட்ட பாகத்தை வெட்டி எடுத்தால், மிஞ்சிய ஈரல் தானே வளர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளுமாம். "நம்ம கவ்வாத்து மாதிரிதானுங்க," என்று சிரித்தார்.

வயிற்றைத் திறந்த டாக்டர் ஈரலில் கத்தியே வைக்கவில்லை. கட்டி இல்லாத பாகமும் இறுகிக் கிடந்தது. வெட்டினால் மிச்சம் வளராது, ஆள் மேசையிலேயே போய்விடுவார் என்று தைத்து மூடிவிட்டு, மருதாம்பாளிடம் மட்டும் சொன்னார். அவள் புருஷனிடம், வெட்டி எடுத்தாச்சு என்றாள்.

அதன்பிறகு தினமும் தழும்பைத் தடவிக்கொண்டு, "துளுத்திருக்குமா மருதா?" என்பார். "துளுத்திருக்குமுங்க," என்பாள். கொஞ்ச நாளாக அவர் கேட்பதில்லை.

துணைக் கங்காணி ஆறுச்சாமி வாசலில் வந்து நின்றான். ஓடைச் சரிவையும் வெட்டச் சொல்லித் துரை உத்தரவாம்.

"வேரைப் பாத்தியா?"

"இல்லீங்க."

வேரைக் கீறி ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விடுவது வெள்ளியங்கிரியின் வழக்கம். கருநீலமானால் வேரில் மாவு சேர்ந்திருக்கிறது. இலையெல்லாம் போனாலும் செடி அதைத் தின்று பிழைத்துத் துளிர்க்கும். டிஞ்சர் பழுப்பாகவே நின்றால் கத்தி வைக்கக் கூடாது.

"போன மாசம் நடமாட்டம் இருந்தப்பவே பாத்துட்டேன். உள்ள வத்திப்போச்சு. வெட்டுனா துளுக்காது. குடுக்கற வரைக்கும் கொழுந்து குடுக்கட்டும், உட்டுரு."

"தொரைக்கு என்னங்க சொல்றது?"

வெள்ளியங்கிரி மருதாம்பாளைப் பார்த்தார்.

"வெட்டியாச்சுன்னு சொல்லு. நம்புன மாதிரியே இருந்துக்குவாரு."

ஆறுச்சாமி சிரித்துவிட்டுப் போனான். மருதாம்பாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"கஞ்சி ஆறுது மருதா," என்று அவர் வாயைத் திறந்தார்.

பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

மறுநாள் பாடை ஓடைப் பாதையாக இறங்கியது. மருதாம்பாள் வாசலில் நின்று பார்த்தாள். மலை முழுதும் வெறும் குச்சியாக நின்றது, ஓடைச் சரிவு மட்டும் பச்சையாக இருந்தது. பாதை அங்கே பள்ளத்தில் போகிறது. தூக்கிப் போனவர்களைச் செடிகள் மறைத்துக்கொண்டன. கொஞ்ச தூரம் பாடை மட்டும் இலைகளின் மேல் தனியாகப் போயிற்று.