வலப்பக்கத்துச் சீட்

கேடிலாக் காரின் பின்சீட்டில் மாதேஸ்வரன் உட்கார்ந்து போவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவன் வீட்டுக் கட்டிலைவிடப் பெரிய சீட். சாயலாம், காலை நீட்டலாம், படுக்கவே படுக்கலாம். ஆனால் பாவம், மனுசனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் அமெரிக்காவில் செய்த வண்டி. எஸ்டேட் முதலாளியின் தாத்தா வாங்கியது. இன்றைக்கும் ஒரு கீறல் இல்லை. பம்பரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம். முன்னால் ஒரு லாரி போனால், அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று டிரைவர் அமீர் ஜானுக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்தவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போலாங்க பாய்" என்றால் அவர் தாண்டிப் போவார். "நில்லுங்க" என்றால் கால் பிரேக்குக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருசமாக அந்தக் குரல் கிளீனர் மாதேஸ்வரனுடையது. வண்டி சும்மா கிடந்து கெட்டுவிடக் கூடாதென்று ஞாயிறுதோறும் இருவரும் அதை மாரமங்கலம் வரை ஓட்டிவிட்டு வருவார்கள்.

அந்த ஞாயிறு அமீர் ஜான் வீட்டுக்குப் புது மருமகன் ரியாஸ் விருந்துக்கு வந்திருந்தான். மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரச் சொல்ல முடியுமா?

"மாதேசு, இன்னிக்கு நீ முதலாளி சீட்ல உக்காருடா. குடுத்துவெச்சவன் நீ!"

"நொம்ப சந்தோசமுங்க பாய்" என்றான் மாதேஸ்வரன்.

ஒண்டிக்கடை முக்கில் வண்டி நின்றதும் டூரிஸ்ட்காரர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மாதேஸ்வரனின் இடத்திலிருந்து ரியாஸ் சிரித்தான். டீக்கடைப் பொன்னுவேல் பின் கண்ணாடியில் தட்டினான்.

"ஏனுங்க மாதேசண்ணா, எஸ்டேட்ட எப்பங்க வாங்குனீங்க? ஒரு வார்த்த சொல்லலீங்களே!"

கூட்டம் சிரித்தது. அமீர் ஜானும் சிரித்தார். அதுதான் சுருக்கென்றது.

போகும் வழியில் ரியாஸ் ஒரு தப்பாவது செய்வான் என்று மாதேஸ்வரன் காத்திருந்தான். பையன் செய்யவில்லை. "வாங்க மாமா, காலி" என்பான். வண்டி வழுக்கிக்கொண்டு தாண்டும்.

"மாப்பிள்ளைக்கு என்னா கண்ணு பாத்தியாடா!" என்றார் அமீர் ஜான்.

இருபத்திரண்டு வருசத்தில் அவர் மாதேஸ்வரனின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்து முன்னால் போனது விறகு ஏற்றிய டிராக்டர். ரியாஸ் எட்டிப் பார்த்தான். "வாங்க மாமா." வண்டி பாதி வெளியே வந்திருக்கும்.

"நில்லுங்க! பஸ்ஸு! பஸ்ஸு வருது!"

மாதேஸ்வரன்தான் கத்தினான். பொய் என்று தெரிந்தேதான் கத்தினான்.

அமீர் ஜானின் கால் யோசிக்கவில்லை. அது பழகிய குரலுக்குப் பழகிய கால். வண்டி குலுங்கி நின்றது. ரியாஸின் வாய் இரும்பு டாஷ்போர்டில் மோதி உதடு கிழிந்தது. டிராக்டர் தன்பாட்டுக்குப் போயிற்று. பஸ் வரவில்லை.

அமீர் ஜான் இறங்கி நின்று பார்த்தார். ரோடு ஈர்க்குச்சிபோல நேராகக் கிடந்தது, ஒரு மறைவும் இல்லாமல்.

"பஸ் எங்கடா?"

"வந்தாப்ல தெரிஞ்சுதுங்க பாய்."

அவர் அவனையே பார்த்தார்.

ரியாஸ் கைக்குட்டையை உதட்டில் அழுத்திக்கொண்டான். "வுடுங்க மாமா. எனக்கு இந்த வேல வராது. அண்ணனே முன்னால வரட்டும்" என்று தானே இறங்கிப் பின்னால் போனான்.

மாதேஸ்வரனுக்கு அவன் சீட் கிடைத்துவிட்டது. ரியாஸ் உட்கார்ந்த சூடு அதில் இன்னும் ஆறவில்லை. செம்மநத்தம் பிரிவு தாண்டியதும் முன்னால் ஒரு லாரி வந்து சேர்ந்தது. மாதேஸ்வரன் தலையை நீட்டி, ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தான். ஒரு ஆடுகூட இல்லை.

"போலாங்க பாய்."

வண்டி போகவில்லை. அமீர் ஜான் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த நீளச் சீட்டில் சாய்ந்து வந்து, மாதேஸ்வரனின் தோளுக்கு மேலாக எட்டி, ரோட்டைத் தானே பார்த்துக்கொண்டார்.