படையெடுப்பு, ஆச்சரியக்குறி

அலுவலகத்தில் என்னைப் 'போர்முரசு' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷமாகச் செய்திகளுக்குத் தலைப்பு வைப்பது என் வேலை. நிருபர்கள் எழுதித் தருவதைத் திருத்தி, அதன் தலையில் நாலு சொல்லை ஏற்றி அச்சுக்கு அனுப்ப வேண்டும். என் கைக்கு வந்த எதுவும் சண்டை போடாமல் வெளியே போனதில்லை. வெயில் அடித்தால் 'வெயில் தாக்குதல்'. கொசு பெருகினால் 'கொசுக்கள் முற்றுகை'. தக்காளி விலை இறங்கியபோது 'தக்காளி சரண்' என்று போட்டேன். ஆசிரியரே எழுந்து வந்து முதுகில் தட்டினார். இத்தனைக்கும் நான் வாழ்நாளில் ஒரு குச்சியைக்கூட யார்மீதும் ஓங்கியது கிடையாது. குளியலறையில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறி நிற்கிற ஆள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுகதையும் எழுதுவேன். அதில் போர் கிடையாது. இலக்கியமாயிற்றே! அதில் எல்லாமே பயணம். இதுவரை ஒன்பது கதைகள் வெளியாகியிருக்கின்றன. ஒன்பதிலும் யாராவது ஒருவர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாழ்க்கையை நினைத்துப் பெருமூச்சு விடுவார். ஒன்பதாவதைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள், "ஏங்க, உங்க கதையில யாருமே வீட்ல இருக்க மாட்டாங்களா?"

அவள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். சொல்லுக்கு அவளிடம் பெரிய மரியாதை இல்லை. எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். ஒருமுறை எங்களுக்குள் மனஸ்தாபம் வந்தபோது, குரலைத் தழைத்துக்கொண்டு, "நம்ம உறவு எந்தத் திசையில போய்க்கிட்டிருக்குன்னு யோசிச்சியா?" என்று கேட்டேன். "எங்கயும் போகல. நான் இங்கதான் குக்கர் பக்கத்துல நிக்கறேன். நாலு விசில் வந்ததும் அடுப்பை அணைங்க, நான் கடைக்குக் கிளம்பறேன்" என்றாள்.

இப்படி இருந்த என் வாழ்க்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. ஊர் எல்லையில் புதிதாகத் திறந்திருக்கும் ஆடைத் தொழிற்சாலையில் இருநூற்று எண்பது பெண்கள் வேலைக்குச் சேருகிறார்கள்; காலியாகக் கிடந்த ஒரு பழைய கிடங்கு அவர்களுக்கு விடுதியாகிறது. நிருபர் எழுதியிருந்தது இவ்வளவுதான். சப்பென்று இருந்தது. நான் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. 'நகருக்குள் படையெடுப்பு!' என்று போட்டேன். ஆச்சரியக்குறியை நானே ஆசையாகச் சேர்த்தேன். செய்தியின் கடைசி வரியில் கிடங்கு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. இடம் போதவில்லை என்று அந்த வரியைப் படிக்காமலே வெட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் பத்திரிகையோடு வந்து கதவைத் தட்டினார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், இந்தத் தலைப்பு நீங்க வச்சதுதானே?"

"ஆமா." பாராட்டப்போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் நெளிந்தேன்.

"நல்ல நேரத்துல எச்சரிச்சீங்க. எந்தத் தெருன்னு உங்க பேப்பர்ல போடல. நான் விசாரிச்சுட்டேன். நம்ம தெருவேதான். கடைசியில இருக்கற கிடங்கு. வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்காங்க."

அன்று சாயங்காலமே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். வரப்போகிறவர்களில் ஒருவரையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பல் டாக்டர், "ஊடுருவலை முதல் நாளே முறியடிக்கணும்" என்றார். முதல் மாடி கணக்கு டீச்சர், "எல்லையை மூடாம எதுவும் பண்ண முடியாது" என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். எல்லாம் என் கடைச் சரக்கு. படை என்றால் கோட்டை வேண்டும். கோட்டைக்குக் கதவு வேண்டும். கதவுக்குக் காவல் வேண்டும். ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்தது. நடுவில் யோசிக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை.

நான் மெதுவாக எழுந்து, "அவங்க வேலை செய்யத்தானே வர்றாங்க" என்றேன்.

"படையும் வேலையாத்தான் சார் வரும். சும்மாவா வரும்?" என்றார் செயலாளர். எல்லோரும் கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் என் மனைவி வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

தெரு நுழைவில் இரும்புத் தடுப்பு, வந்து போகிறவர்கள் கையெழுத்திட ஒரு பதிவேடு, ஒரு விசில். காவலுக்கு வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து நிற்பது என்று முடிவாயிற்று. விழிப்புணர்வை ஏற்படுத்தியவர் என்பதால் முதல் முறை எனக்கு. கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, கழுத்தில் விசிலோடு தடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து நாலு பஸ்கள் வந்தன. படை இறங்கியது. எல்லோரும் இருபது, இருபத்தைந்து வயதுப் பெண்கள். கையில் டிபன் பாக்ஸ், காலில் ரப்பர் செருப்பு. முன்னால் வந்த பெண் என்னைப் பார்த்து, "வாட்ச்மேன் அண்ணே, இங்க மருந்துக்கடை எங்க இருக்கு?" என்றாள்.

நான் யார், என் தலைப்புகளை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லத் தோன்றியது. "நேராப் போய் இடது பக்கம்" என்று மட்டும் சொன்னேன். பிறகு பதிவேட்டை நீட்டினேன்.

இருநூற்று எண்பது பேர் ஒவ்வொருவராகப் பெயர், நேரம், கையெழுத்து எழுதினால் எவ்வளவு நேரமாகும் என்று கூட்டத்தில் யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. கணக்கு டீச்சர்கூட. வரிசை தெருவை அடைத்துப் பெரிய சாலைக்கு வளைந்தது. நாற்பதாவது பெயரில் பேனா மை தீர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒருத்தி பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பெண்கள் கால் வலிக்கிறது என்று தரையிலேயே உட்கார்ந்தார்கள். வரிசைக்குப் பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. செயலாளரின் கார். ஐம்பது நிமிஷம் அவர் தன் கோட்டைக்கு வெளியிலேயே கிடந்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி, "கால்வலித் தைலம் கடையில ஒண்ணுகூட மிச்சமில்ல" என்றாள். "நாள் பூரா நின்னுக்கிட்டே துணி வெட்டறாங்களாம். தைலம் வாங்கற படையை இப்பதாங்க பாக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் உட்கார்ந்த அந்த இரண்டு பெண்களும் கண்ணிலேயே நின்றார்கள். சரி, செய்ததைச் சரிசெய்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். என்னைப் போன்றவன் வேறென்ன செய்வான், இன்னொரு தலைப்பு வைத்தேன். விடுதியைப் பற்றி நிருபரிடம் ஒரு சின்னக் கட்டுரை வாங்கி, 'நம் ஊருக்கு வந்த விருந்தினர்கள்' என்று போட்டேன். எனக்கே கண் கலங்கியது.

செயலாளர் காலையிலேயே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்பாடா, விருந்தாளிங்கதானா! இதை முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா சார்? எப்போ கிளம்பறாங்க?"

"எங்க கிளம்பறது?"

"விருந்தாளின்னா கிளம்பித்தானே ஆகணும்? ஒரு மாசம் வச்சுக்கலாமா?"

அவரை அனுப்பிவிட்டு நான் அலுவலகம் போனால், அங்கே வரவேற்பறையில் ஒரு பெண்மணி அந்தக் கட்டுரையைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். விடுதிப் பெண்கள் 'பெரியக்கா' என்று கூப்பிடுகிறவர். தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து டீ வரவழைத்தேன்.

"இந்த விருந்தினர்ங்கற சொல்லை எடுத்துடுங்க சார்" என்றார்.

"ஏம்மா? மரியாதையாத்தானே போட்டிருக்கேன்?"

"மரியாதைதான். அதான் கஷ்டமா இருக்கு. எங்க விடுதியில தண்ணி வர்றதில்ல. காலையில நகராட்சியில மனு கொடுக்கப் போனேன். அங்க இருந்தவர் உங்க பேப்பரைக் காட்டி, 'வந்த இடத்துல கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா'ங்கறார். விருந்தாளி போன வீட்ல குழாய் சரியில்லன்னு சண்டை போட முடியுமா சார்? நான் சண்டை போடணும். எனக்கு இது வீடு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்போ என்னன்னுதான் போடட்டும்?" என்று கேட்டேன். கேட்டது கொஞ்சம் எரிச்சலாகவே வந்திருக்க வேண்டும்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எத்தனை பேரு, எத்தனை குழாய்னு போடுங்க. நாங்க இருநூத்தி எண்பது பேரு. மூணு குழாய். அதுல ஒண்ணு ஒழுகுது."

அன்று மதியம் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'தண்ணீருக்குப் போராட்டம்' என்று கை தானாக எழுதியது. அடித்தேன். 'தாகத்தின் பயணம்' என்று எழுதினேன். கூசியது, அதையும் அடித்தேன். கடைசியில், '280 பேருக்கு மூன்று குழாய். ஒன்றில் ஒழுகல்' என்று எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன்.

"இது தலைப்பா, பிளம்பர் எழுதின சீட்டா?" என்றார். "உடம்புக்கு ஏதாவதா முரசு?" ஐந்தாம் பக்கத்தில், கண்ணாடிக்கடை விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள். அடுத்த வாரமே முதல் பக்கத் தலைப்புகளை என்னிடமிருந்து எடுத்து விளையாட்டுப் பக்கம் பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ சாம்ராஜ்யம் மூன்று குழாயில் ஒழுகிப் போயிற்று. பாருங்கள், இப்போதும் 'சாம்ராஜ்யம்' என்றுதான் வருகிறது. நான் ஆண்டது ஒரு மேஜையையும் ஒரு சிவப்புப் பேனாவையும்.

ஆனால் அந்த ஐந்தாம் பக்கத்தைச் செயலாளர் படித்திருந்தார். வங்கிக்காரர் அல்லவா, எண்ணைக் கண்டால் வகுக்காமல் விட மாட்டார். படிக்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "சார், குழாய்க்குத் தொண்ணூத்தி மூணு பேர் வருது. நம்ம கட்டடத்துல குழாய்க்கு ஒரு ஆள்கூட வரல. என் வீட்லயே ஏழு குழாய் இருக்கு, ரெண்டே பேர்." அவர் முகம் சரியில்லை. நல்லவர்தான். இதுவரை வகுக்கிற மாதிரி எதையும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நகராட்சிக்கு அவரே தன் கையெழுத்தில் மனு எழுதினார். எட்டாவது நாள் பொறியாளர் ஜீப்பில் பார்வையிட வந்தார். அன்றைக்குக் காவல் முறை பல் டாக்டருடையது. அவர் விசில் ஊதி ஜீப்பை நிறுத்திப் பதிவேட்டை நீட்டினார். பொறியாளர் இறங்கித் தடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பொதுத் தெருவுல இதை வைக்க யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார். மாலைக்குள் தடுப்பு போய்விட்டது. அந்த மாதத்துக்குள் விடுதியில் ஒன்பது குழாய்கள் போட்டார்கள். பல் டாக்டர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடுகிறது; இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருந்தால் அது உங்கள் பெருந்தன்மை. தடுப்பை எடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே பெரியக்காவை வைத்துப் பத்தாவது கதையை எழுதினேன். ரயில் இல்லை என்பதில் எனக்கே திருப்தி. அதற்குப் பதிலாக அவரை ஆறாக்கியிருந்தேன். மலையில் பிறந்து, தடைகளைத் தாண்டி, போகிற வழியெல்லாம் செழிக்க வைத்துக்கொண்டு ஓடும் ஆறு. மனைவி அதைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பெரியக்காவிடமே காட்டிவிட்டாள். நான் போனபோது இருவரும் கல்லாவுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார் பெரியக்கா. "ஆத்துக்குக் கால் வலிக்குமா?"

"இல்லம்மா, அது ஒரு..."

"எனக்கு வலிக்குது. அதை எங்கயும் காணோமேன்னு கேட்டேன்."

கதையை வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை.

போன மாதம் சங்கத்தின் கூட்டம் நடந்தது. தெரு விஷயம் பேசுவதாக இருந்தால் விடுதியிலிருந்தும் ஒருவர் வர வேண்டும் என்று செயலாளரே சொல்லி, பெரியக்கா வந்திருந்தார். பத்திரிகைக்காரன் என்பதால் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். வேலைவிட்டு வரும் வழியில் தெருவிளக்கு எரியவில்லை, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார் பெரியக்கா.

"எழுதிக்குங்க சார்" என்றார் செயலாளர்.

பேனாவை வைத்தேன். 'இருள்' என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேல் எப்படியெல்லாம் போகலாம் என்று மனசு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் பெரியக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், பேனா எழுதலையா?"

"எழுதுதும்மா. எத்தனை விளக்கு?"

"ரெண்டு. பதினொண்ணாம் நம்பர் கம்பம், பன்னிரண்டாம் நம்பர் கம்பம். பன்னிரண்டுல பல்பே இல்ல."

'இருள்' என்பதை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, 'பன்னிரண்டு' என்பதில் நான் விட்டிருந்த ஒற்றைப் புள்ளியை வைத்தாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று.