வெள்ளைக் குதிரையின் பின்பாதி

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைக்கிற எனக்கும் ஒரு சினிமா வரலாறு உண்டு. பதினான்கு வயதில், எங்கள் தாயில்பட்டிப் பொட்டலில் எடுத்த ஒரு குழந்தைகள் மாயாஜாலப் படத்தில் நடித்தேன். அதில் வரும் பறக்கும் வெள்ளைக் குதிரையின் பின்பாதி நான். முன்பாதி என் வகுப்புத் தோழன் செந்தூர்பாண்டி. குதிரையேறி மந்திரத் தீவுக்குப் போன ஏழு வயதுப் பிள்ளைகள் இருவரும் இன்றைக்குப் பெரிய கதாநாயகன், கதாநாயகி. அவர்கள் உட்கார்ந்தது செந்தூர்பாண்டி பக்கம். என் நடிப்பு, வால் ஆட்டுவது.

இதை என் மகள் மாரிசெல்வி ஐந்தாம் வகுப்பில் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஒருத்தரும் நம்பவில்லை.

"மிஸ்ஸே சிரிச்சிட்டாகப்பா" என்று அழுதாள்.

"அழாதத்தா. இந்தத் தீபாவளிக்கு அப்பா மத்தாப்புப் பெட்டி மேலயே வாரேன், பாரு."

துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. பட்டாசுக் கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி, முறைப்படி அனுமதி வாங்கி, அந்தப் படத்தின் ஸ்டில்லைத்தான் லேபிளுக்குக் கொடுத்திருந்தார்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு வந்தவர், என் தோளுக்கு மேலே கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"ஏலே புகழேந்தி, பிள்ளைக ரெண்டும் ஜோரா இருக்கு. குதிரையோட பின்பக்கத்துக்கு எதுக்கு இம்புட்டு எடம்? வெட்டிரு. எச்சரிக்கை வாசகம் போடணும்ல."

"பாதிக் குதிரை எப்படிப் பறக்கும், அண்ணாச்சி?"

"ரெக்கை முன்னாடிதானலே இருக்கு?"

"வாலாவது இருக்கட்டும், அண்ணாச்சி" என்றேன்.

"வாலுக்கு எதுக்குலே நீ வக்காலத்து வாங்குத? உன் வாலா?"

"ஆமா, அண்ணாச்சி."

பின்னங்காலைப் பெரிதாக்கிக் காட்டினேன். குளம்புக்கடியில் நீல ஹவாய் செருப்பு. அறுந்த வாரில் ஊக்கு.

"பொட்டல் முழுக்க நெருஞ்சி முள்ளு. டைரக்டருக்குத் தெரியாம போட்டுக்கிட்டேன்."

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "எம் மவன் இதை எத்தன வாட்டி பாத்திருப்பான்! உள்ள இருந்தது நீயாலே?"

"பிள்ளைட்ட சொல்லிட்டேன், அண்ணாச்சி. பெட்டில வாரேன்னு." குதிரைக்குள் இருந்தபோதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வாசகம் இல்லாம பெட்டி வெளிய போகாதுலே." படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குதிரை வெள்ளைதான?"

"வெள்ளைதான்."

"அப்ப அது மேலயே அடி."

அடித்தேன். என் பின்புறத்தில், சிவப்புக் கொட்டை எழுத்தில்: 'பற்றவைத்ததும் தள்ளி நிற்கவும்.'

சாயங்காலம் முதல் பிரதியை மாரிசெல்வியிடம் நீட்டினேன். கதாநாயகனைப் பார்த்தாள், கதாநாயகியைப் பார்த்தாள், குதிரையின் பின்பாதிக்கு வந்தாள். வாசகத்தை எழுத்துக்கூட்டாமல் படித்தாள்.

ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வந்தாள். "கையெழுத்துப் போடுங்கப்பா. நாளைக்கு மிஸ்ட்ட காட்டணும்."

"எங்கன போட?"

"உங்க மேலதான்!"

என் மேல் இடமே இல்லை. வாலுக்கடியில் நெருக்கிப் போட்டேன்.