புது ஆளாக நிற்கச் சொன்னார்கள்

கடனில் மூழ்கிப் பூட்டிக் கிடந்த தகடு கம்பெனியைப் புதிய முதலாளி வாங்கியதும் ஐயம்பேட்டை முழுக்க ஒரே பேச்சு, முந்நூறு பேருக்கு வேலை என்று. எல்லம்மாளையும் கூப்பிட்டார்கள். தகடு அழுத்தும் அதே பிரஸ் மிஷின், அதே இடம். ஆனால் அவளுடைய பன்னிரண்டு வருஷ சர்வீஸ் செல்லாதாம். பயிற்சி ஆளாகப் புதிதாகச் சேர வேண்டுமாம். வயிற்றை நினைத்துத் தலையாட்டி வைத்தாள்.

திறப்பு விழாவன்று, புடவைமேல் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு மேடையோரம் நின்றபோதுதான் விஷயம் முழுசாக விளங்கியது. பின்னால் சுகாசினி, அவளுக்குப் பின்னால் முனுசாமி. வரிசை முழுக்கப் பழைய முகங்கள். தலைக்கு மேலே கட்டியிருந்த துணியிலோ, ‘முந்நூறு புதிய வேலைகள்’.

“இன்னாக்கா, நம்மளையே இன்னொரு தபா பெத்துக்கினாங்களா?” என்றாள் சுகாசினி.

அதிகாரி தனசேகரன் வரிசையோரமாக வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். விருந்தினர் ரோஜா தருவார். வாங்கிக்கொண்டு, இதுதான் என் முதல் வேலை, ரொம்ப சந்தோஷம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். பழைய கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். எல்லம்மாளின் ஆள்காட்டி விரலை பிரஸ் கடித்துத் துப்பிய அன்று, ரத்தத் துணியோடு அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் வந்தவரும் அவர்தான்.

“உங்க சர்வீசும் போயிடுச்சா சார்?”

“என்னுது வேறம்மா. ஆபீஸ் ஆளுங்களுக்கு அப்படியே கன்டினியூ ஆவுது. நீ வாயத் தொறந்து கெடுத்துக்காத.”

எல்லம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் விருந்தினர் பட்டுப் பொன்னாடை நழுவாமல் பிடித்தபடி ரோஜாவை நீட்டினார். முதல் வேலையா அம்மா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் பூவைத் தொடவில்லை. வலது கையை விரித்துத் தூக்கிக் காட்டினாள்.

“நான் புது ஆளுன்னா, இந்த வெரலு எங்க போச்சு சார்?”

யாரோ மைக்கை அணைத்தார்கள். பிரஸ் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு?

“உள்ளார, மூணாவது மிஷின்ல போச்சு. என்னத் தூக்கிக்கினு போனவரு தோ நிக்கறாரு. சேகர் சார், நீங்களே சொல்லுங்க. நான் புதுசா?”

விருந்தினர் தனசேகரனைப் பார்த்தார். தனசேகரன் தன் கையிலிருந்த ரோஜாத் தட்டைப் பார்த்தார்.

எல்லம்மாள் புதுச் சட்டையைக் கழற்றி அந்தத் தட்டின்மேல் போட்டாள்.

“பழைய ஆளா கூப்புடுங்க, வரேன்.”

படியிறங்கும்போது வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். கீழே வரிசையில் சுகாசினி பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் முனுசாமியும்.