கைராசிக்காரி ஊரில் இல்லாத நாள்

அவள் கால் வைத்த அறையில் எந்த இயந்திரமும் பழுதாவதில்லை. அதனால்தான் அவளுக்கு முதல் வேலை போயிற்று.

ஒரு பெரிய கம்பெனியின் கணினிப் பிரிவில், பழுது என்று யார் கூப்பிட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிற வேலை அது. படித்து, பரீட்சை எழுதி, அதற்கென்றே வந்து சேர்ந்தவள். ஆனால் அவள் பக்கத்தில் போய் நின்றதும் உறைந்துபோன திரை அசையும். காணாமல்போன கோப்பு வைத்த இடத்திலேயே இருக்கும். காகிதத்தை மென்று துப்பிக்கொண்டிருந்த பிரிண்டர் நல்ல பிள்ளையாக அச்சடித்துத் தள்ளும். கூப்பிட்டவர் அசடு வழிய, "இப்பதாங்க மக்கர் பண்ணுச்சு, சத்தியமா" என்பார். பழுது இல்லை என்று பதிந்துவிட்டு அவள் மாடிப்படி இறங்குவதற்குள் திரை மறுபடி உறைந்துவிடும். மேலாளர் அவளை உட்காரவைத்து, வருத்தத்தோடுதான் சொன்னார். "நீ மூடுற புகாரெல்லாம் நீ சாப்பிடப் போனதும் வாயைத் திறந்துக்குதும்மா. மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அவள் தலையாட்டினாள். பழுது என்பதை அவள் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. நோயாளிகள் வாசலைத் தொட்டதுமே குணமாகிவிடுகிற வைத்தியரிடம் போய் வைத்தியம் தெரியுமா என்று கேட்டால் அவர் மட்டும் என்ன சொல்வார்.

அவளுடைய கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். எதிரே உட்கார்ந்தவரிடம் நாள் முழுக்க "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கேட்பது அவர் வேலை. அவருடைய தங்கையும் அந்த வீட்டில்தான் இருந்தாள். வேலை போன செய்தியைக் கேட்டதும் நாத்தனார், "போகட்டும் அண்ணி. நீங்க வந்ததுலேருந்து நம்ம வீட்டுத் துணி துவைக்கற மெஷின் ஒழுங்கா ஓடுதே, அதுக்கு நாங்க சம்பளம் குடுத்தமா?" என்றாள்.

தனியாக அவளை முதலில் கூப்பிட்டது ஒரு லாரி கம்பெனி. மாதக் கடைசியில் ஓட்டுநர்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும்போதெல்லாம் அவர்களுடைய மென்பொருள் பாதியில் படுத்துக்கொள்ளும். அவள் போய் உட்கார்ந்த மத்தியானத்தில் அது ஒரு முனகல்கூட இல்லாமல் வேலையை முடித்தது. தான் எதையும் தொடவே இல்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள். லாரி கம்பெனி மேலாளர் உலகம் தெரிந்தவர். "தொடாதீங்க மேடம். போன தடவை வந்தவர் தொட்டுத்தான் வாரக்கணக்குல படுத்துக்கிச்சு. நீங்க மாசாமாசம் வந்து இதே நாற்காலியில உக்காந்தா போதும்" என்றார். அதன்பிறகு ஒரு அச்சகம், ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம், இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு கூட்டுறவு வங்கி. எல்லா இடத்திலும் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. தனி ஆலோசகர் என்று அட்டை அடித்துக்கொண்டாள். அட்டையைப் படிக்க யாருக்கும் பொறுமையில்லாததால் கைராசிக்காரி என்றே பெயர் நிலைத்தது. "சும்மா உக்கார்றதுக்கு ஆலோசனைன்னு பேர் வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தா நானும் மேல படிச்சிருப்பேன்" என்று நாத்தனார் சொன்னாள்.

வருடங்கள் போகப் போக ராசி பரவியது. முதலில் அறைக்குள் இருந்தது, பிறகு மாடிக்கு ஏறியது, பிறகு தெருவுக்கு இறங்கியது. அவர்கள் தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர் எந்தக் கோபமும் இல்லாமல், அவளிடம் சொல்லிக்கொண்டே, கடையை வேறு பேட்டைக்கு மாற்றினார். பிறகு அந்தப் பேட்டையையும் ராசி எட்டிவிட, பூக்கடை வைத்துக்கொண்டார். கடைசியில் ஊர் முழுக்க அவளுடைய நிழலில் வந்துவிட்டது. இப்போது அவள் எங்கேயும் போய் உட்காரவேண்டியதில்லை, ஊருக்குள் இருந்தால் போதும். வாடிக்கையாளர்கள் அதற்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அவள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படித்தாள், வங்கி ஓடியது. இதில் ஒரு தப்பு நடந்தது. அதை அவளும் கவனிக்கவில்லை. பழுதே வராத ஊரில் பழுதுக்காக யாரும் எதையும் செய்து வைப்பதில்லை. தகவல்களுக்கு மறுபிரதி எடுப்பதை நிறுத்தினார்கள். ஏதாவது இடறினால், "அந்தம்மா ஊர்லதான இருக்காங்க" என்று அதன்மேலேயே அடுத்ததைக் கட்டினார்கள். பிழைகள் எங்கும் போய்விடவில்லை. அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதுபோல் உள்ளேயே கிடந்தன.

வெளியூர் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்காக அவள் எப்போதாவது பஸ் ஏறுவாள்; ஊரில் அங்கங்கே ஏதாவது இடறும், அவள் திரும்பியதும் சரியாகிவிடும். அப்படி ஒரு நாளில்தான் கணவர் கடையில் மயங்கி விழுந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவருடைய நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். இதயம் மறந்துபோகும்போது தட்டி எழுப்புகிற சின்னக் கருவி. அவள் விழுந்தடித்துத் திரும்பி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கருவியைச் சோதித்தார்கள். குறை இல்லை. அது தன் ஞாபகத்தில் பதிந்துவைத்த பழைய துடிப்புகளிலும் குறை இல்லை. அடுத்த முறை அவள் வெளியூர் போனபோது கடைப் படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டார். மறுபடி சோதித்தார்கள், மறுபடி குறை இல்லை. இதய டாக்டர் கணினித் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் ஊர்ப்பேச்சு தெரியும். "நீங்க இருக்கறவரைக்கும் எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்றார். "தெரியாம நெஞ்சைத் திறந்து எதைன்னு மாத்தறது?"

செய்தி அன்றைக்கே ஊருக்குத் தெரிந்தது. லாரி கம்பெனி மேலாளர் மற்றவர்கள் சார்பாகவும் வீட்டுக்கு வந்தார். அவள் இனி ஊரைவிட்டு வெளியே போகவே வேண்டாம், வெளியூர் வாடிக்கையை எல்லோரும் சேர்ந்து ஈடுகட்டுகிறோம், ஆயுசுக்கும் ஒப்பந்தம் என்றார். "சாருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. கடவுளாப் பாத்து இப்படி அமைச்சுக் குடுத்திருக்கார்." அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டுக்குள்ளேயே இருந்தால் அவர் நெஞ்சு நிற்காது. பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். கணவர் நெற்றித் தையலைத் தடவிக்கொண்டே, "நீ குளியலறையில வழுக்கி விழுந்து மேல போயிட்டா, நானும் சம்பளப் பட்டியலும் சேர்ந்து படுத்துக்கணுமா?" என்று கேட்டார். மேலாளர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். கணவர் அவளைப் பார்த்து, "என் நெஞ்சு துடிக்கணும்னு உன்னை ஆணியடிச்சு மாட்டிவெக்க முடியாது. நீ தள்ளிப் போ. வர்றது வரட்டும், பாக்கறவங்க பாக்கட்டும்" என்றார். அவள் பேனாவை மூடினாள்.

டாக்டர் முன்யோசனைக்காரர். அவள் போனால் ஆஸ்பத்திரியின் சொந்தக் கருவிகளும் காலை வாரும் என்று கணக்குப் போட்டு, அவள் ராசி எட்டாத வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் கருவியையும் நின்ற இதயத்தை அதிரவைக்கும் கருவியையும் இரவல் வாங்கி வைத்துக்கொண்டார். கணவரை மேஜையில் படுக்கவைத்தார்கள். அவள் காலை பஸ்ஸில் ஏறினாள். நாத்தனார் மேஜைக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

"எங்க இருக்கீங்க அண்ணி?"

"பாலத்தைத் தாண்டறோம்."

"இங்க எல்லாம் சமத்தா இருக்கு. உங்க வீட்டுக்காரர் என்னை உக்காரச் சொல்றார், இவர் படுத்துக்கிட்டு."

"செங்கல் சூளை வந்தாச்சு."

"லிஃப்ட் நின்னுடுச்சு போல, வெளியில சத்தம் கேக்குது. அண்ணன் ஏதோ சொல்றார், இருங்க." கொஞ்ச நேரம் காலடிச் சத்தங்கள். "டாக்டர் பஸ்ஸை விட்டு எறங்காதீங்கங்கறார். போய்க்கிட்டே இருங்க அண்ணி. அண்ணன் முகம்..."

அங்கே நாத்தனாரின் போன் நின்றுபோனது. பல வருடமாக ராசியில் பிழைத்துக்கொண்டிருந்த பழைய போன் அது. பஸ் ஓடியது. அவள் சீட்டைவிட்டு எழுந்து படிக்கட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் ஊருக்குப் போகிற பஸ் ஒன்று நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. இறங்கி அதில் ஏறினால் சூளைக்குத் திரும்புவதற்குள் அவர் நெஞ்சு ஒழுங்காகத் துடிக்கும், பழுது மறுபடி ஒளிந்துகொள்ளும், யாருக்கும் எதுவும் தெரியாது. கண்டக்டர், "எறங்கறீங்களாம்மா?" என்றார். "இல்ல" என்றாள்.  கையாலும் இல்லை என்று காட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்த நாற்காலிகள் எத்தனையோ. இந்த ஒரு இருக்கையில் உட்காருவதற்குத்தான் அவளுக்கு உடம்பில் இருந்த பலம் முழுக்கத் தேவைப்பட்டது.

பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர். இரண்டு தடவை நின்றதாகவும், இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டுவந்ததாகவும், கருவியில் தப்பில்லை என்றும், அதிலிருந்து இதயத்துக்குப் போகிற ஒயர் உள்ளே அறுந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டதாகவும் சொன்னார். அவள் புறப்பட்டு வரட்டுமா என்று கேட்டாள். "வாங்க. இல்ல, வராதீங்க, அங்கயே இருங்க. புது ஒயர் வெச்சு, நீங்க இல்லாமயே ஓடுதான்னு பாத்துட்டுச் சொல்றேன்." அவள் நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மறுபடி போன் அடித்தது. "ஓடுது. நீ இல்லாமதான் ஓடுது. கோவிச்சுக்காத" என்று கணவரின் குரல் மெதுவாகக் கேட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள். "இப்பக் கேக்குதா, இப்பக் கேக்குதா" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஊரில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லி மாளாது. கட்டிலுக்கு அடியில் தள்ளிய அத்தனையும் வெளியே வந்தது. வங்கி ஒரு பாட்டியின் கணக்கைப் பேரனுக்கும் பேரன் கணக்கை நகராட்சிக்கும் எழுதியது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிள்ளையின் மதிப்பெண்ணைப் பெற்றார்கள். தெருவிளக்குகள் பகலில் எரிந்தன. லாரி கம்பெனி மேலாளர் அவள் திரும்பியதும் சண்டைபோட வந்தார், வாசலில் நின்றபடியே கொஞ்சம் பேசினார், பிறகு தன்னுடைய மென்பொருள்காரர்கள் முதல்முறையாகப் பிழையை நேருக்கு நேர் பார்த்துவிட்டதாகவும், அது ஒரு பெயரை இரண்டு இடத்தில் பதிந்த அற்பப் பிழை என்றும் ஒப்புக்கொண்டார். "இன்னும் ரெண்டு இருக்கும்போல மேடம். அடுத்து எப்ப போவீங்க?"

அவள் ஒப்பந்தங்களை எல்லாம் மாற்றி எழுதினாள். இப்போது அவளைக் கூப்பிடுவது வருவதற்கு அல்ல, போவதற்கு. வாடிக்கையாளர்கள் மறுபிரதி எடுத்து, ஆட்களைத் தயாராக வைத்துக்கொண்டு தகவல் சொல்கிறார்கள், அவள் பஸ் ஏறுகிறாள். பழுது எப்படியிருக்கும் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது, அதைப் பற்றி அவள் இப்போது கேட்பதுமில்லை. கணவர் அந்த நாட்களிலும் கடைக்குப் போகிறார். பூக்கடைக்காரர் அன்றைக்குப் பழைய திருப்புளிகளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்வருகிறார். முந்தின நாள் நகராட்சி அறிவிப்புப் பலகையில், நாளை காலை முதல் மாலை வரை கைராசிக்காரி ஊரில் இருக்கமாட்டார், லிஃப்டில் ஏறவேண்டாம் என்று எழுதிப்போடுகிறார்கள். ஜனங்கள் நின்று படித்துவிட்டு, அதற்கு அடுத்த வரியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருமென்று பார்க்கிறார்கள்.